முழங்கால் தத்துவமும் மரப்பட்டறையும்

(இரண்டாம் ஆண்டு பி.எஸ்சி., இயற்பியல்)

நெம்புகோல், திருகு முதலிய எளிய எந்திரங்களைப் பற்றி நாம் பள்ளி நாள் முதல் படித்து வருகிறோம். இவற்றை ஒரே சிறு கருவியில் அடக்கியது 'டாகிள் கிளாம்ப்'. மரப்பட்டறையில் பலகையை அசையாமல் பிடித்துக்கொள்ள இது பயன்படுகிறது. என் சித்தப்பா வில்லியனூர்ப் பகுதிப் பட்டறை ஒன்றில் தச்சு வேலை செய்பவர். எங்கள் குடும்பத்தில் கல்லூரிக்கு வந்த முதல் ஆள் நான். விடுமுறை நாட்களில் அவருக்கு உதவியாக நின்று கண்டதையும் வகுப்பறையில் கற்றதையும் இணைத்துப் பார்ப்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

நாற்பது நாற்காலிக் கால்களை ஒரே அளவில் அறுக்க வேண்டுமானால், ஒவ்வொன்றையும் அளந்து கோடு போட்டுக்கொண்டிருக்க முடியாது. அதற்கென மரத்தாலேயே ஓர் அச்சு செய்துகொள்வர். அதற்கு 'ஜிக்' என்று பெயர். துண்டை அதில் பொருத்தி, கிளாம்பால் பூட்டி, ஜிக்கோடு சேர்த்து ஓடும் ரம்பத்தை நோக்கித் தள்ளுவர். கை ரம்பத்துக்கு அருகே போகத் தேவையில்லை. ஆனால் பூட்டு நடுவில் விடுபட்டால் துண்டு துள்ளும். அதைப் பிடிக்கக் கை தானாகப் பாயும். எனவே கிளாம்பைச் சரிசெய்வது விரல்களைக் காக்கும் வேலையும் ஆகும்.

நிமிர்ந்து நிற்கையில் நம் முழங்கால் உடலின் எடையை எளிதாகத் தாங்குகிறது. சற்றே மடக்கி நின்றால் சிறிது நேரத்தில் தொடை நடுங்குகிறது. டாகிள் கிளாம்பிலும் இரண்டு இணைப்புத் தண்டுகள் முழங்கால் போல ஒரு மூட்டில் சேர்கின்றன. கைப்பிடியை அழுத்தினால் தண்டுகள் நிமிர்ந்து, கரத்தின் முனையிலுள்ள ரப்பர் பலகையை அழுத்துகிறது. 1858இல் அமெரிக்கரான எலை விட்னி பிளேக் காப்புரிமை பெற்ற கல் உடைக்கும் எந்திரமும் இதே தத்துவத்தில் அமைந்ததுதான்.

இதன் கணக்கு எளியது. இரண்டு தண்டுகளும் சம நீளமுடையவை எனக் கொள்வோம். தண்டு நேர்கோட்டோடு ஆக்கும் கோணத்தின் டேன்ஜென்ட் மதிப்பை இரட்டித்து, மூட்டில் தரும் விசையை அதனால் வகுத்தால், முனையில் கிடைக்கும் விசை வரும். கோணம் 30 பாகையாயின் நாம் தரும் விசையில் 0.87 பங்கே கிடைக்கும். 5 பாகையில் அது 5.7 மடங்கு, 1 பாகையில் 28.6 மடங்கு. சுழியில் ஏட்டுக் கணக்குப்படி முடிவிலி. நடைமுறையில் ரப்பரும் மரமும் சற்று நசுங்குவதாலும் இரும்பு சற்று வளைவதாலும் அதற்கோர் எல்லை உண்டு.

தண்டுகள் நேர்கோட்டைச் சற்றே கடந்து ஒரு தடையில் நிற்கும்போதுதான் பூட்டு விழுகிறது. அதன்பின் பலகை எவ்வளவு எதிர்த்துத் தள்ளினாலும் அவ்விசை பூட்டை மேலும் மூடவே செய்யும். மோட்டார் சைக்கிளைச் சென்டர் ஸ்டாண்டில் ஏற்றுவதும் இவ்வாறே. உச்சியைக் கடக்கும்வரை சிரமம். கடந்தபின் வண்டியின் எடையே அதை நிறுத்திவிடும்.

இங்கேதான் நாம் கவனிக்க வேண்டிய உண்மை உள்ளது. இறுக்கம் குறைந்தால் துண்டு நழுவும் என்பது எல்லோருக்கும் தெரியும். இறுக்கம் மிகுந்தாலும் ஆபத்தே. திருகு அளவுக்கு மேல் இறங்கியிருந்தால் தண்டுகள் நேர்கோட்டைக் கடக்க முடியாமல் அதற்கு முன்பே நின்றுவிடும். பார்வைக்குப் பூட்டியது போலவே இருக்கும். எந்திரத்தின் அதிர்வில் திடீரென விடுபடும். அன்றியும் மிகை அழுத்தத்தால் ஜிக்கின் அடிப்பலகை வளைந்து, அறுக்கும் அளவும் பிசகும்.

சரிசெய்யும் முறை வருமாறு: முதலில் முனைத் திருகை நன்கு மேலே ஏற்றி வைத்து, துண்டை ஜிக்கில் பொருத்திக் கைப்பிடியைப் பூட்ட வேண்டும். கரம் பலகைக்கு இணையாக இல்லையெனில் கிளாம்பின் அடியில் தகடு வைக்கலாம். அடுத்து, ரப்பர் பலகையைத் தொடும்வரை திருகை இறக்க வேண்டும். பின்னர்ப் பூட்டைத் திறந்து, திருகைக் கால் சுற்று மட்டும் இறக்கி மீண்டும் பூட்ட வேண்டும். உள்ளங்கை அழுத்தத்தில் 'டக்'கென விழுந்தால் சரி. விழாவிடில் சற்று ஏற்றலாம். துண்டு நகர்ந்தால் சற்று இறக்கலாம். இறுதியில் இரு நட்டுகளையும் ஸ்பேனரால் முடுக்கி, மறுமுறை பூட்டிப் பார்க்க வேண்டும். முடுக்கும்போது திருகு நகர்ந்திருக்கக்கூடும்.

"கால் சுத்து போதும்டா" என்பார் சித்தப்பா. இதைக் கணக்கிட்டுப் பார்த்தேன். 8 மில்லிமீட்டர்த் திருகின் புரியிடைத் தூரம் 1.25 மில்லிமீட்டர், கால் சுற்று என்பது சுமார் 0.31. தண்டுகள் 30 மில்லிமீட்டர் நீளமானால், கடைசி 5 பாகையில் முனை நகர்வது 0.23 மில்லிமீட்டர் மட்டுமே. கரத்தின் நீளம் இதைச் சிறிது மாற்றும். ஆயினும் கால் சுற்றுக்கும் அரைச் சுற்றுக்கும் உள்ள வேறுபாடே பூட்டுக்கும் பூட்டாமைக்கும் உள்ள வேறுபாடு என்பது தெளிவு.

ஐப்பசி, கார்த்திகை மழையில் மரம் ஈரம் ஏற்று, நாருக்குக் குறுக்காகப் பருக்கும். 25 மில்லிமீட்டர்ப் பலகை நூற்றில் ஒரு பங்கு பருத்தாலே 0.25 மில்லிமீட்டர் கூடிவிடும். எனவே கோடையில் வைத்த அளவு மழைக்காலத்துக்கு ஒவ்வாது. காலையில் எந்திரத்தை ஓட்டுமுன் ஒருமுறை பூட்டிப் பார்ப்பது நல்ல பட்டறைகளின் வழக்கம்.

ஒரு டாகிள் கிளாம்பும் ஒரு சுருள்வில் தராசும் இருந்தால் இக்கணக்கை நம் ஆய்வகத்திலேயே அளந்து காட்டலாம். மின்னூட்டம் வேண்டாம், செலவும் அதிகமில்லை. ஆசிரியப் பெருமக்கள் இதனைச் செய்முறைப் பாடங்களில் ஒன்றாகச் சேர்க்க வேண்டுகிறேன். பட்டறையிலிருந்து படிக்க வந்த என்னைப் போன்ற மாணவர்களுக்குச் சொந்த வீட்டுத் தொழிலையே பாடமாகக் காணும் வாய்ப்பு அதனால் கிட்டும்.