அங்கத்தினரை அழைத்து வரும் கருவி

சங்கத்துக்குக் கம்ப்யூட்டர் வந்துவிட்டால் அங்கத்தினர் தாமே பெருகுவர் என்று நிர்வாகிகள் சிலர் எண்ணுகிறார்கள். யந்திரத்தைக் கண்டு எவரும் சங்கத்தில் சேருவதில்லை. தம் கணக்கைத் தாமே காண முடிந்தால்தான் சேருகிறார்கள்.

முன்னாளில் அமெரிக்க வெண்ணெய் ஆலைகள் பாலை எடை பார்த்தே விலை கொடுத்து வந்தன. கெட்டிப்பால் ஊற்றியவருக்கும் தண்ணீர் கலந்தவருக்கும் ஒரே விலை. 1890-இல் விஸ்கான்ஸின் சர்வகலாசாலைப் பேராசிரியர் ஸ்டீபன் பாப்காக், பாலின் கொழுப்பை அளக்கும் எளிய முறையொன்றை வெளியிட்டார். அதற்குக் காப்புரிமையும் கோரவில்லை. கொழுப்புக்கேற்ற விலை கிடைக்கவே, நேர்மையாளரின் மனக்குறை தீர்ந்தது.

குஜராத்தில் ஆனந்தைத் தலைமையிடமாகக் கொண்டு 1946-இல் தோன்றிய கெய்ரா ஜில்லா பால் யூனியனும் இவ்வழியே வளர்ந்தது. இன்று அங்குள்ள கிராமச் சங்கங்களில் மின் தராசும் கொழுப்புமானியும் உண்டு. அளவும் கொழுப்பும் விலையும் குறித்த சீட்டு, பால் ஊற்றியவர் கைக்கு உடனே வருகிறது.

பால் சங்கத்துக்குச் சீட்டு எப்படியோ, நெசவாளர் சங்கத்துக்குப் பாஸ் புத்தகம் அப்படி. நாம் பார்வையிட்ட சங்கம் ஒன்றில், கம்ப்யூட்டர் வந்ததும் பாஸ் புத்தகத்தில் பதிவதை நிறுத்திவிட்டார்கள். கூலியில் பிடித்த சிக்கன நிதி செல்போனில் தெரியும் என்றார்கள். நெசவாளர் பலருடைய எண் மாறியிருந்தது. சிலரிடம் செல்போனே இல்லை. தறியை விட்டெழுந்து வந்து கேட்ட முதியவர் ஒருவருக்கு, "கம்ப்யூட்டரில் இருக்கிறது" என்பதே விடை. அவர் தம் சேமிப்பைத் திருப்பிக் கேட்டார். வேறு சிலரும் கேட்டனர். கணக்கில் ஒரு காசும் குறையவில்லை. நாமும் முதல் பார்வையில் பேரேட்டைச் சரிபார்த்துத் திருப்தியடைந்தோமேயன்றி, ஒரு பாஸ் புத்தகத்தையேனும் வாங்கிப் பார்த்தோமில்லை. அது நம் பிழை.

2022-இல் மத்திய சர்க்கார், 63,000 தொடக்க வேளாண்மைக் கடன் சங்கங்களைக் கணினிமயமாக்க 2,516 கோடி ரூபாய்த் திட்டத்தை ஏற்றது. விவசாய அங்கத்தினரும் இப்பாடத்தை அறிதல் நலம். சங்கங்கள் செய்யத்தக்கவை மூன்று:

1. நூல் பட்டுவாடா, துணி வரவு, கூலி, பிடித்தம், கடன், தவணை எதுவாயினும் அச்சுச் சீட்டை அப்பொழுதே கையில் கொடுத்தல்.

2. ஆண்டுதோறும் மகாசபைக்கு முன் செல்போன் எண்களைச் சரிபார்த்தல்.

3. செல்போன் இல்லாதவருக்குப் பாஸ் புத்தகத்தில் பதிதல். படிக்கத் தெரியாதவருக்கு வாசித்துக் காட்டுதல்.

அங்கத்தினருக்கும் கடமை உண்டு. இம்மாதம் சங்கத்துக்குச் செல்லும்போது உங்கள் இருப்பு எவ்வளவு என்று கேளுங்கள். தெளிவான விடை உடனே கிடைத்தால், அடுத்த முறை அண்டை வீட்டாரையும் அழைத்துச் செல்லுங்கள்.