மழை விட்ட பின் வரும் வெள்ளம்

வெள்ளம் வருமுன் அணை போட வேண்டும் என்பது நம் முன்னோர் வாக்கு. ஆற்றுக்கு அணை போடுவது அரசாங்கத்தின் பணி. ஆனால் வெள்ளம் வருமுன் வீட்டைச் சீர்படுத்தி வைப்பது யாருடைய பணி? அது நம் ஒவ்வொருவருடைய பணி அல்லவா? பூகோளப் பாடத்தில் புயலையும் வெள்ளத்தையும் பற்றிப் படித்தபோது, அவை எங்கோ நடப்பவை என்றே நாங்கள் எண்ணினோம். பின்னர் வீட்டிற்குச் சென்று பெரியவர்களிடம் கேட்டோம். அவர்கள் சொன்னதைக் கேட்ட பிறகுதான், அந்தப் பாடம் நம் மண்ணாடிப்பட்டைப் பற்றியது என்பது விளங்கிற்று. நாங்கள் அறிந்துகொண்டதைத் தோழியரோடும் பெற்றோரோடும் பகிர்ந்துகொள்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

நம் ஊரும் நம் ஆறும்

மண்ணாடிப்பட்டுக் கொம்யூன் புதுச்சேரியைச் சேர்ந்தது. ஆயினும் நம்மைச் சுற்றிலும் இருப்பவை விழுப்புரம் மாவட்டத்துக் கிராமங்களே. நம் வயல்களுக்கு உயிரூட்டும் சங்கராபரணி ஆறு செஞ்சிப் பகுதி மலைகளில் தோன்றுகிறது. செஞ்சியாறு என்றும் வராக நதி என்றும் அதற்கு வேறு பெயர்கள் உண்டு. வழியில் வீடூர் அணையில் தேங்கி, பின்னர் நம் கொம்யூனையும் வில்லியனூரையும் கடந்து, புதுவைக்குத் தெற்கே கடலில் கலக்கிறது.

வீடூர் அணையின் முழு உயரம் 32 அடி. அந்த அளவு நிறையும்போது, அணையின் பாதுகாப்புக்காக உபரி நீரை ஆற்றில் திறந்துவிட்டே ஆக வேண்டும். ஆகவே நம் ஊரில் பெய்யும் மழையை மட்டும் பார்த்து வெள்ளத்தைக் கணிக்க முடியாது. செஞ்சியிலும் திண்டிவனத்துப் பக்கத்திலும் பெய்யும் மழையும் நம் வாசலுக்கு வரக்கூடும். இதுவே நாம் முதலில் மனத்திற்கொள்ள வேண்டிய செய்தி.

இரு புயல்கள்

அக்டோபர் முதல் டிசம்பர் வரை வடகிழக்குப் பருவமழைக் காலம். வங்கக் கடலில் உருவாகும் புயல்கள் நம் கரையை நாடி வருவதும் இக்காலத்தில்தான். அண்மைக்கால நினைவில் இரு புயல்கள் நிலைத்து நிற்கின்றன.

முதலாவது தானே புயல். 2011 டிசம்பர் 30ஆம் நாள் காலையில் அது புதுச்சேரிக்கும் கடலூருக்கும் இடையே கரையைக் கடந்தது. மணிக்கு 140 கிலோமீட்டர் வரை காற்று வீசிற்று. கூரை வீடுகள் பறந்தன, மரங்கள் வேரோடு சாய்ந்தன, மின்கம்பங்கள் விழுந்தன. அது காற்றால் அழித்த புயல்.

இரண்டாவது ஃபெஞ்சல் புயல். 2024 நவம்பர் 30ஆம் நாள் சனிக்கிழமை இரவு புதுச்சேரி அருகே அது கரையைக் கடந்தது. காற்றின் வேகம் தானேயைவிட மிகக் குறைவு. ஆனால் கரை ஏறிய பிறகு அது விரைந்து செல்லாமல் பல மணி நேரம் நம் பகுதியிலேயே நின்றுவிட்டது. நின்ற இடத்தில் மழையைக் கொட்டிற்று. மறுநாள் காலை 8.30 மணியோடு முடிந்த 24 மணி நேரத்தில் புதுச்சேரியில் 48.4 சென்டிமீட்டர் மழை பதிவாயிற்று. நமக்கு அண்மையிலுள்ள மயிலத்திலோ 51 சென்டிமீட்டர்! இது தண்ணீரால் அழித்த புயல். எனவே, “காற்று பலமில்லை, பயமில்லை” என்று சொல்வது எவ்வளவு பெரிய தவறு என்பதைப் பாருங்கள்.

48 சென்டிமீட்டர் என்றால் எவ்வளவு? கணக்குப் போட்டுப் பார்த்தோம். ஒரு சதுர மீட்டர் இடத்தில் 484 லிட்டர் நீர் விழுந்திருக்கிறது. ஒரு ஏக்கர் நிலத்தில் ஏறத்தாழ 19½ லட்சம் லிட்டர்! இத்தனை நீரையும் வாய்க்கால்களும் ஏரிகளும் ஒரே நாளில் எப்படி ஏற்கும்?

மழை விட்டும் ஓயாத வெள்ளம்

மழை விட்டும் தூவானம் விடவில்லை என்பார்கள். நம் பகுதியில் தூவானம் நின்றாலும் வெள்ளம் நிற்பதில்லை. ஃபெஞ்சல் புயலின்போது பாகூர்ப் பகுதி மக்கள் இதை நன்கு உணர்ந்தார்கள். புதுவையில் மழை தணிந்த பின்னர், மேற்கே ஊத்தங்கரையில் ஒரே நாளில் 50 சென்டிமீட்டர் மழை பெய்தது. தென்பெண்ணையாற்றில் வெள்ளம் பெருகி, சாத்தனூர் அணையிலிருந்து டிசம்பர் 2ஆம் நாள் அதிகாலையில் வினாடிக்கு 1.68 லட்சம் கன அடி நீர் திறந்துவிடப்பட்டது. அந்த நீர் கடலூர்ப் பக்கத்தையும் பாகூர்ப் பகுதியையும் சூழ்ந்தது. வானம் வெளுத்த பிறகு வந்த வெள்ளம் அது!

தென்பெண்ணைக்குச் சாத்தனூர் எப்படியோ, சங்கராபரணிக்கு வீடூர் அப்படியே. ஆகையால் மழை நின்றவுடன் மேலே ஏற்றிய சாமான்களை இறக்கிவிடக் கூடாது. வானொலியிலோ தொலைக்காட்சியிலோ கைப்பேசியிலோ வீடூர் அணையைப் பற்றிய அறிவிப்பைக் கேட்ட பிறகே இறக்க வேண்டும்.

இதை எங்கள் வகுப்புத் தோழி ஒருத்தி தன் அனுபவத்தால் கூறினாள். அவள் வீட்டில் மழைக்குப் பயந்து பெட்டியைப் பரண்மேல் வைத்திருந்தார்கள். மறுநாள் வெயில் கண்டதும், துணி எடுப்பதற்காகப் பெட்டியைக் கீழே இறக்கினார்கள். அன்றிரவே வாய்க்கால் உடைத்துக்கொண்டு வீட்டினுள் நீர் புகுந்தது. நிலப் பத்திரமும் அவள் அக்காவின் மதிப்பெண் சான்றிதழும் நனைந்தன. ஒவ்வொரு தாளாகக் கொடியில் போட்டு உலர்த்தினார்களாம். சான்றிதழின் மை ஊறிப்போயிருந்தது. மறுபடியும் ஒரு படி வாங்க அக்கா பல நாள் அலைய வேண்டியதாயிற்று. நெகிழி உறை ஒன்று இருந்திருந்தால் இத்தனை அலைச்சலும் இல்லை என்று அவள் சொன்னபோது நாங்கள் பேச்சற்றுப் போனோம்.

வீட்டில் செய்யத் தக்கவை

புரட்டாசி முடிவதற்குள் ஒவ்வொரு வீட்டிலும் கீழ்க்கண்டவற்றைச் செய்துவிடலாம். இவற்றுக்குப் பெரும் செலவு இல்லை. சிறிது அக்கறை இருந்தால் போதும்.

1. ரேஷன் கார்டு, ஆதார் அட்டை, பட்டா, வங்கிப் புத்தகம், சான்றிதழ்கள் ஆகியவற்றை ஒரே நெகிழி உறையில் இட்டு வாயை இறுகக் கட்டி வைக்க வேண்டும். அது எங்கிருக்கிறது என்பது வீட்டிலுள்ள அனைவருக்கும் தெரிந்திருக்க வேண்டும்.

2. கூரையைக் கயிறு கொண்டு இறுகக் கட்ட வேண்டும். வீட்டின்மேல் சாயும் கிளைகளையும் பட்டுப்போன தென்னை மட்டைகளையும் வெட்டிவிட வேண்டும். வீட்டைச் சுற்றியுள்ள வாய்க்காலில் குப்பை சேர விடலாகாது.

3. மூடியுள்ள பாத்திரத்தில் குடிநீர், அவல், பொரி, வெல்லம், தீப்பெட்டி, டார்ச் விளக்கு, மாற்று பாட்டரி, தாத்தா பாட்டியின் மருந்துகள் ஆகியவற்றைத் தனியே எடுத்து வைக்க வேண்டும். கைப்பேசியை மின்சாரம் இருக்கும்போதே முழுவதும் சார்ஜ் செய்துகொள்ள வேண்டும்.

4. விதை நெல்லையும் அரிசியையும் உயரமான இடத்தில் வைக்க வேண்டும்.

5. தண்ணீர் ஏறும் அறிகுறி தெரிந்தவுடன் மாடு கன்றுகளை மேட்டுக்கு ஓட்டிச் செல்ல வேண்டும். முடியாவிட்டால் கட்டை அவிழ்த்துவிட வேண்டும். கட்டிய மாடு நீந்தித் தப்ப முடியாது.

6. வீட்டினுள் நீர் வருமுன்பே மெயின் சுவிட்சை அணைத்து, சிலிண்டரின் வாயையும் மூடிவிட வேண்டும். ஈரக் கையோடு சுவிட்சைத் தொடக் கூடாது.

7. மண் சுவர் வீட்டினர் நீர் சூழும்வரை காத்திராமல், அரசு திறக்கும் முகாமுக்கு முன்னதாகவே சென்றுவிடுவது நல்லது. ஊறிய சுவர் எச்சரிக்கை செய்துவிட்டு விழுவதில்லை. முதியவர்களையும் கர்ப்பிணிகளையும் பகல் வெளிச்சத்திலேயே அழைத்துச் செல்ல வேண்டும்.

8. அவசர உதவிக்கு 112, 1077 ஆகிய எண்களைச் சுவரில் எழுதி ஒட்டி வைக்கலாம்.

மாணவியராகிய நமக்கு ஒரு தனி எச்சரிக்கையும் உண்டு. பள்ளிக்கு வரும் வழியில் தரைப்பாலத்தின்மேல் நீர் ஓடினால் அதைக் கடக்கவே கூடாது. ஓடும் நீர் முழங்கால் அளவு இருந்தாலே பெரியவர்களையும் புரட்டிவிடும். ஒருநாள் வருகைப் பதிவேட்டில் விடுபட்டால் அதைச் சரிசெய்துகொள்ளலாம். உயிர் போனால் திரும்பாது.

வெள்ளம் வடிந்த பின்

நீர் வடிந்தவுடன் ஆபத்து தீர்ந்தது என்று எண்ணலாகாது. கிணற்று நீரும் குழாய் நீரும் மாசுபட்டிருக்கும். தண்ணீரை நன்கு கொதிக்கவைத்து ஆற்றியே குடிக்க வேண்டும். குழந்தைகளுக்கு வயிற்றுப்போக்கு கண்டால் ஒரு லிட்டர் கொதித்து ஆறிய நீரில் ஆறு தேக்கரண்டி சர்க்கரையும் அரைத் தேக்கரண்டி உப்பும் கலந்து அடிக்கடி கொடுத்து, மருத்துவமனைக்கு அழைத்துச் செல்ல வேண்டும். விறகு அடுக்கிலும் வைக்கோல் போரிலும் பாம்புகள் ஒதுங்கியிருக்கும். கையை விடுமுன் கோலால் தட்டிப் பார்க்க வேண்டும். கடித்துவிட்டால் கீறுவதும் இறுகக் கட்டுவதும் தவறு. கடிபட்டவரை அசையவிடாமல் உடனே அரசு மருத்துவமனைக்குக் கொண்டு செல்ல வேண்டும்.

முடிவுரை

புயலைத் தடுக்க நம்மால் இயலாது. சங்கராபரணியைக் குறை கூறவும் நியாயமில்லை. கோடையில் நாம் ஏங்கிக் காத்திருப்பதும் அதே நீருக்குத்தானே! ஆனால் ஒரு நெகிழி உறையும், ஒரு கயிறும், ஒரு குடம் நல்ல நீரும், “மழை விட்டாலும் ஒருநாள் பொறுப்போம்” என்னும் நிதானமும் நம் கையில் இருக்கின்றன. தோழியரே, இவ்விதழை வீட்டிற்கு எடுத்துச் செல்லும் நாளிலேயே அம்மாவோடு அமர்ந்து, நம் வீட்டுப் பத்திரங்கள் எங்கே இருக்கின்றன என்று கேட்போம். எழுதப் படிக்கத் தெரியாத பாட்டி பக்கத்து வீட்டில் இருந்தால் அவருக்கும் இதைப் படித்துச் சொல்வோம். கற்ற கல்வி நம் வீட்டையும் அயல் வீட்டையும் காக்கட்டும்.