எழுத்தில் தொலையும் நகை

மெய்ப்பாடுகள் எட்டு என்று வகுத்த தொல்காப்பியர், அவற்றுள் நகையை முதலில் வைத்தார். உள்ளத்தில் தோன்றும் உணர்ச்சி உடம்பின்கண் வெளிப்படுவதே மெய்ப்பாடு. கண் சுருங்குவதும், உதட்டோரம் துடிப்பதும், குரல் சற்றே நீள்வதும் அதன் அறிகுறிகள். நகை பிறக்கும் நான்கு நிலைக்களன்களுள் எள்ளலை அவர் முதலில் எண்ணுகிறார். அப்படியாயின் ஒரு கேள்வி எழுகிறது. உடம்பே இல்லாத இடத்தில், அதாவது வெறும் எழுத்தில், எள்ளல் எவ்வாறு தோன்றும்? நாள்தோறும் கைபேசியில் செய்தி எழுதிக் குவிக்கும் நமக்கு இது ஏட்டோடு நின்றுவிடும் கேள்வி ஆகாது. நட்பும் உறவும் இதில் அடங்கியிருக்கின்றன.

அந்தமானில் நான் வளர்ந்த மரைன் ஹில்லிலிருந்து சிறிது தொலைவில் அபர்டீன் பஜார் இருக்கிறது. போர்ட் பிளேர் 2024இல் ஸ்ரீ விஜய புரம் என்று பெயர் மாற்றப்பட்டது. ஆயினும் கடைத்தெருவை மக்கள் அபர்டீன் என்றே அழைக்கின்றனர். இதே பெயரில் ஸ்காட்லாந்தின் வடகிழக்குக் கரையில் ஒரு துறைமுக நகரம் உண்டு. அந்நகர மக்கள் கஞ்சர்கள் என்று பிரிட்டன் முழுவதும் ஒரு பழைய கேலி நிலவியது. அபர்டீன்காரர்கள் அதற்காகச் சினம் கொள்ளவில்லை. 20ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் அந்தக் கேலியையே அஞ்சலட்டையாக அச்சடித்து விற்றார்கள். ‘கொடி நாளன்று அபர்டீன்’ என்று ஓர் அட்டை. அறப்பணிக்காகச் சிறு கொடிகளை விற்று நிதி திரட்டும் நாளில், நகரின் பெருந்தெருவில் ஓர் ஆள் கூட இல்லாமல் வெறிச்சோடிக் கிடக்கும் படம் அது!

ஸ்காட்லாந்தியரின் நகைக்கு இரண்டு இயல்புகள் சொல்வர். ஒன்று, தம்மையே எள்ளிக் கொள்வது. மற்றொன்று, முகத்தில் ஒரு சுருக்கமும் விழாமல் மெய் போலவே சொல்வது. அவர்கள் பேச்சில் ‘ஆம்’ என்று பொருள்படும் சொல்லையும் ‘சரி’ என்று பொருள்படும் சொல்லையும் சேர்த்துச் சொன்னால், அதற்குப் பொருள் ‘நம்பவே மாட்டேன்’ என்பது. நமக்கு இது வியப்பாக இராது. “ஆமாமா, அவன் செய்வான் செய்வான்” என்று நம் வீட்டுத் திண்ணையில் ஒருவர் சொன்னால், அவன் செய்யமாட்டான் என்பது குழந்தைக்கும் விளங்கும். ஆனால் அதே சொற்களைத் தாளில் எழுதிப் பாருங்கள். நம்பிக்கை தெரிவிப்பது போல் அல்லவா தோன்றுகிறது?

இந்த இடரை நம் முன்னோர் நன்கு அறிந்திருந்தனர். திருவள்ளுவர் கயவர்க்குத் தேவரை உவமையாகக் கூறுகிறார். அதனோடு நிறுத்தியிருந்தால் அது புகழ்ச்சியாகிவிடும். தடுப்பார் இன்றி மனம் போனபடி நடத்தல் இருவர்க்கும் பொது என்ற காரணத்தையும் உடன் சொல்லிவிடுவதால் எள்ளல் வெளிப்படுகிறது. புறநானூற்றின் 95ஆம் பாட்டு இன்னும் நுட்பமானது. அதியமானுக்காகத் தூது சென்ற ஔவையாரிடம் தொண்டைமான் தன் படைக்கலக் கொட்டிலைக் காட்டுகிறான். அவன் படைக்கருவிகள் நெய் பூசி அழகாக இருப்பதையும், அதியமானுடையவை நுனி சிதைந்து கொல்லன் பட்டறையில் கிடப்பதையும் ஔவையார் பாடுகிறார். வெளிப்பார்வைக்குத் தொண்டைமானுக்குப் புகழ். உள்ளே, போரில் பயன்படாத படை என்ற இகழ். நாம் இதைத் தவறாமல் புரிந்துகொள்வதற்குக் காரணம் யாது? பாட்டின் கீழே, யார், எங்கே, எந்த நிலையில் பாடினார் என்ற குறிப்பு ஒன்று இணைக்கப்பட்டிருக்கிறது. நேரில் நின்றவர்க்கு முகமும் குரலும் இருந்தன. பின்னால் படிப்பவர்க்கு அந்தக் குறிப்பே துணை.

இனி அறிவியலார் கண்டதைக் காண்போம். அமெரிக்காவின் ஸ்டான்போர்டு பல்கலைக்கழகத்தில் 1990இல் எலிசபெத் நியூட்டன் என்ற ஆய்வு மாணவி ஒரு சோதனை நடத்தினார். ஒருவர் தமக்குத் தெரிந்த பாட்டின் தாளத்தை மேசைமேல் விரலால் தட்ட வேண்டும். கேட்பவர் பாட்டைக் கண்டுபிடிக்க வேண்டும். பாதிப் பேராவது கண்டுபிடிப்பர் என்று தட்டியவர்கள் எண்ணினர். தட்டப்பட்ட 120 பாட்டுகளுள் கண்டுபிடிக்கப்பட்டவை மூன்றே! தட்டுபவர் காதில் பாட்டு முழுவதும் ஒலித்துக்கொண்டிருக்கிறது. கேட்பவருக்கோ ‘டொக் டொக்’ என்ற ஓசைதான்.

எழுத்துக்கும் இது பொருந்தும் என்பதை ஜஸ்டின் க்ரூகர், நிக்கலஸ் எப்லி முதலியோர் 2005இல் வெளியிட்ட ஆய்வு காட்டியது. மாணவர்கள் சில வாக்கியங்களை மெய்யாகவும் சிலவற்றை ஏளனமாகவும் ஒருவருக்கொருவர் தெரிவித்தனர். குரல் வழியாயினும் மின்னஞ்சல் வழியாயினும் நூற்றுக்கு 78 அளவில் சரியாகப் புரியும் என்று அனுப்பியவர்கள் கருதினர். குரல் வழி 73 சரியாயிற்று. மின்னஞ்சல் வழி 56தான். கண்ணை மூடிக்கொண்டு நாணயம் சுண்டினாலே 50 கிடைக்குமே! ஆகவே குறை எழுத்தில் மட்டும் இல்லை. எழுதுபவன் தன் எழுத்தைத் தன் குரலிலேயே கேட்கிறான். அந்தக் குரல் தாளோடு சேர்ந்து போகிறது என்று நம்பிவிடுகிறான்.

எங்கள் வீட்டில் நடந்த ஒன்றைச் சொல்கிறேன். சென்னையிலிருந்து ஏறக்குறைய 2,300 கிலோமீட்டர் நீளக் கடலடிக் கம்பிவடம் எங்கள் தீவுகளுக்கு 2020 ஆகஸ்டு 10ஆம் நாள்தான் பயன்பாட்டுக்கு வந்தது. அதற்கு முன் எல்லாம் செயற்கைக்கோள் வழிதான். பேச்சு பாதியில் அறுந்து போகும், படம் ஏறாது, ஆதலால் ஊருக்குச் செய்தி எழுதி அனுப்புவதே எங்கள் வழக்கம். 2018இல் இராமநாதபுரம் பக்கம் சித்தப்பா புதுவீடு கட்டினார். கப்பலில் இடம் கிடைக்காமல் புதுமனைப் புகுவிழாவுக்கு எங்களால் போக இயலவில்லை. “பெரிய ஆளாயிட்டே தம்பி. இனிமே எங்களையெல்லாம் உனக்கு எங்க தெரியப் போகுது” என்று அப்பா எழுதினார். சிறு வயது முதல் தம்பியைச் சீண்டும் அதே சீண்டல்தான். அழைத்த முறையில் குறை கண்டு அண்ணன் குத்திக்காட்டுகிறார் என்று சித்தப்பா கொண்டுவிட்டார்.

பதில் வரவில்லை. தம்பிக்கு வேலை மிகுதி என்று அப்பா இருந்துவிட்டார். பதினொரு மாதம் இப்படியே கழிந்தது. இடையில் பாட்டிக்குக் கண்ணில் அறுவை சிகிச்சை நடந்தது. அதை எங்களுக்குத் தெரிவித்தவர் வேறோர் உறவினர். மறு ஆண்டு தாத்தாவின் திதிக்காக அப்பா மூன்று நாள் கப்பலில் சென்று ஊர் சேர்ந்தார். புதுவீட்டு வாசலில் நின்று, தம்பியின் தோளைத் தட்டி, அதே வாக்கியத்தைச் சொன்னார். சித்தப்பா வாய்விட்டுச் சிரித்தார். பிறகு சட்டென்று நிறுத்தி, “ஏண்ணே, அன்னைக்கு எழுதினது இதைத்தானா?” என்று கேட்டாராம். சொல் ஒன்றும் மாறவில்லை. தோளைத் தொட்ட கை ஒன்றுதான் கூடியிருந்தது.

குடும்பத்திற்கு வெளியேயும் இது பெருந்துன்பம் விளைக்கக்கூடும். 2010 ஜனவரியில் இங்கிலாந்தில் பனியால் விமான நிலையம் ஒன்று மூடப்பட்டபோது, பால் சேம்பர்ஸ் என்ற இளைஞர், அதைத் தகர்த்துவிடுவேன் என்று டுவிட்டரில் எரிச்சலும் விளையாட்டுமாக எழுதினார். அது மிரட்டலாகக் கொள்ளப்பட்டுத் தண்டம் விதிக்கப்பட்டது, வேலையும் போயிற்று. 2012 ஜூலையில்தான் உயர்நீதிமன்றம் அவரைக் குற்றமற்றவர் என்றது.

இதற்கு மருந்து தேடியவர்களும் உண்டு. ஸ்காட்லாந்தில் பிறந்த ஆண்ட்ரூ கார்னெகியின் பெயரைத் தாங்கும் கார்னெகி மெலன் பல்கலைக்கழகத்தில், 1982இல் கணிப்பொறி வழிச் செய்தி எழுதுவோர் ஒரு கற்பனைச் சோதனையை விவாதித்தனர். அதையொட்டி, மின்தூக்கியில் பாதரசம் சிந்திவிட்டது என்று ஒருவர் வேடிக்கையாக எழுத, சிலர் அதை உண்மை எச்சரிக்கை என்று நம்பினர். அதன்பின் செப்டம்பர் 19ஆம் நாள் ஸ்காட் பால்மன் என்பவர், முக்காற்புள்ளி, சிறு கோடு, அடைப்புக்குறி ஆகிய மூன்றையும் வரிசையாக இட்டால் சாய்ந்து சிரிக்கும் முகமாகும், வேடிக்கைக்கு அதை அடையாளமாக இடுவோம் என்றார். இன்று நாம் அனுப்பும் மஞ்சள் முகங்களுக்கு அது முன்னோடி. எழுத்துக்கு ஒரு மெய்யைத் தேடிக் கொடுத்த முயற்சி என்று இதைச் சொல்லலாம். ஆனால் அந்த முகத்தையும் ஏளனமாக அனுப்ப இயலும் அன்றோ? ஆகவே அது முழுக்காப்பு ஆகாது.

நண்பர்களே, நாம் செய்யத்தக்கவை மூன்று என்று எனக்குத் தோன்றுகிறது.

முதலாவது, எழுத்தில் எள்ள வேண்டுமாயின் அபர்டீன்காரர் போல் நம்மையே எள்ளுவோம். தவறாகப் புரிந்துகொள்ளப்பட்டாலும் பிறர் நெஞ்சு புண்படாது.

இரண்டாவது, அனுப்புமுன் அந்த வரியைச் சினம் கொண்ட குரலில் ஒரு முறை படித்துப் பார்ப்போம். அந்தக் குரலுக்கும் அது பொருந்துமானால், புறநானூற்றுக் குறிப்பைப் போல் ஒரு சொல் கூடுதலாக எழுதுவோம். விளக்கினால் வேடிக்கை சற்று மங்கும், மங்கட்டும்.

மூன்றாவது, படிப்பவர் கடமை. நம்மை நன்கு அறிந்தவர் எழுதிய ஒரு வரி திடீரெனச் சுட்டால், அதை அவர் குரலில் மீண்டும் படிப்போம். அப்போதும் சுட்டால் வாய் திறந்து கேட்போம். “என்ன சொல்கிறீர்கள்?” என்று கேட்பதற்கு ஒரு நிமிடம் ஆகும்.

நம் சங்கத்தில் பல ஊர்களிலிருந்து, பலவகைத் தமிழோடு மாணவர் சேர்கின்றனர். ஓர் ஊரில் செல்லமாக வழங்கும் சொல் இன்னோர் ஊரில் வசையாக இருக்கும். புதிதாக வந்த ஒருவரைக் கேலியால் வரவேற்க எண்ணினால், செய்தி எழுத வேண்டாம். அவர் அறைக் கதவைத் தட்டி, நேரில் சொல்லுங்கள். உங்கள் முகத்தைப் பார்த்தால் அவரும் சிரிப்பார்.