பேகன் ஆண்ட மலை எந்த நாடு?

கேள்வி: பழனி பக்கம் எங்கள் ஊர். வீட்டில் பேசுவது கொங்குத் தமிழ். தாத்தா காலத்துப் பத்திரங்களில் 'மதுரை ஜில்லா' என்று இருக்கிறது. இப்போது நாங்கள் திண்டுக்கல் மாவட்டம். இந்த மலைப் பகுதி உண்மையில் எந்த அரசைச் சேர்ந்தது? கொடைக்கானலும் அதில் அடங்குமா?
– வாசகர், ஆயக்குடி

பதில்: பத்திரமும் சரி, உங்கள் வீட்டுப் பேச்சும் சரி. சங்க காலத்தில் பழனிக்குப் பொதினி என்று பெயர். ஆண்டவர்கள் ஆவியர் குடி. மயிலுக்குப் போர்வை தந்த பேகன் அந்தக் குடியில் வந்தவன்தான். போர்வைக் கதையைப் பாடப் புத்தகத்திலேயே படித்திருப்பீர்கள். ஆனால் கபிலர், பரணர் உட்பட நான்கு புலவர்கள் அவனைப் பாடியது வேறொரு காரியத்துக்காக: பிரிந்திருந்த மனைவி கண்ணகியிடம் திரும்பிப் போகச் சொல்லி! மயிலின் குளிர் தெரிந்தவனுக்கு இதை எடுத்துச் சொல்ல நான்கு பேர் வேண்டியிருந்திருக்கிறது.

மேல்மலைக்கு வேறு தலைவன். கோடைமலையின் கடிய நெடுவேட்டுவனைப் புறநானூறு காட்டுகிறது. அந்த மலை இன்றைய கொடைக்கானல் மலைதான் என்பது அறிஞர் பலரின் கருத்து. ஆக, அடிவாரமும் உச்சியும் அன்றே ஒரே கையில் இருந்ததாகத் தெரியவில்லை.

அடிவாரத்துப் பொருந்தலில் பேராசிரியர் கா. ராஜன் அகழாய்வு செய்தபோது, ஒரு ஈமக்குழியில் நான்கு கால் வைத்த ஜாடி கிடைத்தது. உள்ளே இரண்டு கிலோ அளவுக்கு நெல். காலக் கணிப்பு சுமார் கி.மு. 490. பேகனுக்கு முன்பே இங்கே நெல் விளைவித்து, இறந்தவருக்கும் வைத்து அனுப்பியிருக்கிறார்கள்.

பிற்காலத்தில் கொங்கின் 24 நாடுகளில் ஒன்றாக, வைகாவூர் நாடு என்ற பெயரில் பழனி வருகிறது. உங்கள் பேச்சு அந்த வழியில் வந்தது. மேல்மலையில் வாழும் குன்னுவர் சமூகத்தாரும் தங்கள் முன்னோர் கொங்கிலிருந்து ஏறி வந்ததாகவே சொல்வார்கள்.

மதுரை உள்ளே வந்தது நாயக்கர் காலத்தில். பழனி, ஆயக்குடி, விருப்பாட்சி, கன்னிவாடி எல்லாம் திண்டுக்கல்லைச் சேர்ந்த பாளையங்கள் ஆயின. பின்னர் திண்டுக்கல் ஹைதர் அலி வசம் போய், 1792 ஸ்ரீரங்கப்பட்டண உடன்படிக்கையில் கிழக்கிந்தியக் கம்பெனியிடம் வந்தது. விருப்பாட்சிப் பாளையக்காரர் கோபால நாயக்கர் கோவை வரைக்கும் ஆள் சேர்த்துக் கம்பெனியை எதிர்த்தார், 1801-ல் அவரைத் தூக்கிலிட்டார்கள். பாளையங்களிடம் கப்பம் வாங்கியது திண்டுக்கல். அந்தத் திண்டுக்கல்லை மதுரைக் கலெக்டரிடம் சேர்த்ததும் பழனியும் கூடவே போனது. யார் என்ன தமிழ் பேசுகிறார்கள் என்று கம்பெனி பார்க்கவில்லை, வரிக்கணக்குத்தான் பார்த்தது.

கொடைக்கானலுக்கு வெள்ளைக்காரர்கள் ஏறியதும் மதுரைப் பக்கமிருந்துதான். 1821-ல் வார்டு என்ற வெள்ளைக்கார அதிகாரி நில அளவை செய்தார். 1845-ல் அமெரிக்க மிஷனரிகள் பங்களா கட்டினார்கள். பெரியகுளத்திலிருந்து மலைப்பாதையில் டோலி கட்டி ஆட்களைத் தூக்கிப் போன காலம் அது.

1985-ல் மதுரையிலிருந்து திண்டுக்கல் மாவட்டம் பிரிந்தது. இன்று மலையின் பெரும்பகுதி திண்டுக்கல்லில், தென்சரிவு தேனியில், மஞ்சம்பட்டிப் பக்கம் திருப்பூரில்.

ஆனால் கொங்கோடு இருந்த பழைய உறவு கோயிலில் இருக்கிறது. பங்குனி உத்திரத்துக்குக் கொடுமுடியிலிருந்து காவிரித் தீர்த்தக் காவடி சுமந்து கொங்கு நாட்டார் பழனிக்கு வருகிறார்கள். வழியில் மாவட்ட எல்லைப் பலகைகள் வரும். நின்று படிப்பவர்களை நான் பார்த்ததில்லை.