பீலித் தண்ணியைக் காக்கும் பாசி



மட்டக்களப்புப் பக்கம் பனிச்சங்கேணிப் பாலத்தில் நின்று பார்த்தால், களப்பெல்லாம் உப்புத் தண்ணி. நாம் இங்கே சொல்லப்போகும் பாசி அங்கே முளைக்காது. ஆனால் அதற்கு வடக்கே வெருகலில் கடலைச் சேர்வது மகாவலியின் ஒரு கிளை. மகாவலிக்குத் தண்ணி கொடுப்பது நம்முடைய மலைகள். உயர்ந்த மலைச் சதுப்புகளில்தான் ஸ்பாக்னம் என்கிற சதுப்புப் பாசி வளர்கிறது.

இதனால் நமக்கு என்ன என்று கேட்கலாம். இந்தப் பாசி மழைத் தண்ணியைப் பிடித்து வைத்து, கொஞ்சம் கொஞ்சமாக விடுகிறது. பூச்சாடிக்கென்று இதை அள்ளினால், சதுப்பை வடிய வைத்துக் கான் வெட்டினால், மழைத் தண்ணி ஒரே ஓட்டமாக ஓடிவிடும். மாசி, பங்குனியில் லயத்துப் பீலி வற்றினால் குடத்தோடு அலையப் போவது நம்ம பெண்கள்தான்.

அடையாளம் காண்பது எப்படி?

1. தண்டின் உச்சியில் சின்னக் கிளைகள் நெருங்கி, பூச்செண்டு மாதிரி இருக்கும். பாறையில் படரும் பாசிக்கு இது கிடையாது.

2. ஈரத்தில் வெளிர் பச்சை, காய்ந்தால் வெள்ளை.

3. இருந்த இடத்திலேயே விரலால் மெல்ல அமுக்கினால் தண்ணி கசியும். இலைக்குள்ளே ஓட்டை உள்ள வெற்று அறைகள் இருப்பதே காரணம். தன் காய்ந்த எடையைப்போல் 15 மடங்குக்கு மேல் தண்ணி பிடிக்கும்.

பதிந்து வைப்பது எப்படி?

கொப்பியில் தேதி, இடம், பக்கத்து ஓடை, வெயிலா நிழலா, எவ்வளவு அகலம் என்று எழுதுங்கள். பக்கத்தில் ஒரு தீப்பெட்டியை வைத்துப் போனில் படம் எடுங்கள், அளவு தெரியும். அடுத்த வருஷம் அதே மாதம் போய்ப் பாருங்கள். கூடியதா, குறைந்ததா என்று தெரிந்துவிடும்.

எந்த இனம் என்று கண்ணால் மட்டும் முடிவு கட்டக் கூடாது. இலங்கையின் பழைய பெயரையே கொண்ட 'ஸ்பாக்னம் சிலோனிக்கம்' என்ற இனமும் உண்டு. ஆனாலும் இலையை நுணுக்குக்காட்டியில் பார்த்துத்தான் பெயர் சொல்ல வேண்டும். அதனால் "ஸ்பாக்னம், இனம் தெரியாது" என்றே எழுதுங்கள். தெரியாததைத் தெரியாது என்று எழுதுவதும் நல்ல பதிவுதான்.

பிடுங்க வேண்டாம். 1988இல் தேசியப் பூங்காவான ஹோட்டன் சமவெளியில் செடி பறிப்பது குற்றம். சதுப்பு ஆளை இழுக்கும். பிள்ளைகளைத் தனியாக அனுப்பாதீர்கள்.

பாசியைத் தெரிந்தவன் அதை மிதிக்க மாட்டான். தெரிந்து வைப்போம், காத்து வைப்போம்.