எங்கே ‘இங்’ போடுவது?

‘ஆம், இஸ், ஆர்’ மூன்றில் ஒன்று, அடுத்து வினைச்சொல், அதன் வாலில் ‘இங்’. ஆங்கிலத்தின் பிரசன்ட் கன்டினியூவஸ் அவ்வளவுதான். ஐந்து நிமிடத்தில் கற்றுக்கொள்ளலாம். அதை எங்கே போடக்கூடாது என்பதில்தான் ஆயுசு போகிறது. அதற்கு நம் தமிழ்க் காதே பாதி வாத்தியார். மீதிப் பாதியில் நம்மைக் கவிழ்ப்பதும் அதே காதுதான்.

செய்ய வேண்டியவை

• துணைவினையைச் சேர்த்தே சொல்லுங்கள். ‘ஷீ குக்கிங்’ அரை வாக்கியம். ‘ஷீ இஸ் குக்கிங்’ முழுசு. கேள்வியில் துணைவினை முன்னால் தாவும்: ‘வேர் ஆர் யூ கோயிங்?’

• எழுத்துக்கூட்டலைக் கவனியுங்கள். ‘மேக்’கின் கடைசி ‘ஈ’ உதிரும். ‘சிட்’டில் ‘டீ’ இரட்டிக்கும். ‘பிகின்’ இரட்டிக்கும், ‘ஓபன்’ இரட்டிக்காது. முன்னதில் அழுத்தம் கடைசி அசையில், பின்னதில் முதல் அசையில்.

• வழக்கமா, இப்போது நடப்பதா என்று தமிழில் சோதியுங்கள். ‘காபி குடிக்கிறேன்’ இரண்டுக்கும் பொருந்தும். அதனால்தான் ‘ஐ ஆம் டிரிங்கிங் காபி எவ்ரி டே’ என்று வாயில் வந்துவிடுகிறது. ‘தினமும் குடிப்பேன்’ என்று மாற்றிப் பாருங்கள். சரியாக உட்கார்ந்தால் அது வழக்கம், வெறும் ‘ஐ டிரிங்க்’ போதும். (அந்தக் ‘குடிப்பேன்’ எதிர்காலம் மாதிரி இருக்கிறதே என்று ‘ஐ வில் டிரிங்க்’ பக்கம் போய்விடாதீர்கள். அது இன்னொரு பள்ளம்.)

• டிக்கெட் எடுத்தாகிவிட்ட பயணத்துக்கு ‘இங்’ தாராளமாகப் போடுங்கள்: ‘ஐ ஆம் கோயிங் டு மதுரை டுமாரோ.’ நாமும் ‘நாளைக்கு மதுரை போறேன்’ என்று நிகழ்காலத்தில்தானே சொல்கிறோம்! ஆனால் ‘இட் இஸ் ரெய்னிங் டுமாரோ’ ஆகாது. மழைக்கு யாரும் முன்பதிவு செய்வதில்லை.

• அலுத்துக்கொள்ள வேண்டுமா? ‘ஆல்வேஸ்’ சேருங்கள். ‘ஹீ இஸ் ஆல்வேஸ் லூசிங் ஹிஸ் கீஸ்’ என்றால் சாவியைத் தொலைக்கிற செய்தியோடு வீட்டுக்காரம்மாவின் பெருமூச்சும் கேட்கும்.

செய்யக்கூடாதவை

• ‘ஐ ஆம் நோயிங்’, ‘ஐ ஆம் வான்ட்டிங்’ வேண்டாம். ‘எனக்குத் தெரிந்துகொண்டிருக்கிறது’, ‘காபி வேண்டிக்கொண்டிருக்கிறது’ என்று தமிழில் யாராவது சொல்வார்களா? தெரியும், வேண்டும், பிடிக்கும் என்று நிறுத்திவிடுகிறோம். இவை நடக்கிற செயல்கள் அல்ல, இருக்கிற நிலைகள். ஆங்கிலத்துக்கும் ஏறக்குறைய அதே நியாயம்.

• ‘ஐ ஆம் ஹேவிங் டூ சன்ஸ்’ கூடாது. இங்கேதான் தமிழ் காலை வாருகிறது. ‘இருக்காங்க’ என்ற சொல்லே ஏதோ தொடர்ந்து நடப்பது போல ஒலிக்கிறது. பிள்ளைகள், வீடு, காய்ச்சல் எல்லாவற்றுக்கும் ‘ஐ ஹேவ்’தான். சாப்பாடு போன்றவற்றுக்கு விலக்கு உண்டு: ‘ஐ ஆம் ஹேவிங் லஞ்ச்’ சரி, அங்கே ‘ஹேவ்’ என்றால் சாப்பிடுவது.

• அப்பாவின் நிரந்தர வேலையைத் தற்காலிகமாக்காதீர்கள். ‘மை ஃபாதர் இஸ் வொர்க்கிங் இன் எ பேங்க்’ என்றால் ஆங்கிலேயர் காதில் ‘இப்போதைக்கு’ என்று விழக்கூடும். ‘வொர்க்ஸ்’ என்றே சொல்லுங்கள்.

• ‘பத்து வருஷமா இங்கே இருக்கேன்’ என்பதை ‘ஐ ஆம் லிவ்விங் ஹியர் ஃபார் டென் இயர்ஸ்’ ஆக்காதீர்கள். அன்று தொடங்கி இன்றும் தொடர்வதற்கு ‘ஐ ஹேவ் பீன் லிவ்விங்’.

• இப்படிப் பேசுகிறவரைக் கேலி செய்யாதீர்கள். இந்தியா முழுக்க உள்ள பழக்கம் இது. மும்பைக் கவிஞர் நிசிம் எசகீல் இந்த ஆங்கிலத்திலேயே கவிதைகள் எழுதியிருக்கிறார்.

• மெக்டொனால்ட்ஸைச் சாட்சிக்கு இழுக்காதீர்கள். 2003 முதல் அவர்கள் ‘ஐ ஆம் லவ்விங் இட்’ என்கிறார்கள்தான். விதியை மீறுவது அவர்களுக்கு வியாபாரம். பரீட்சைத் தாளில் உங்களுக்கு அரை மார்க் போகும்.