களரிக்குத் திரும்பும் நாள்

திருவனந்தபுரம் கிழக்குக்கோட்டையில், பத்மநாபசுவாமி கோயிலுக்கு அருகே சி.வி.என். களரி அமைந்துள்ளது. கோவிந்தன்குட்டி நாயர் 1956ஆம் ஆண்டில் இதனை நிறுவினார். மரபுவழிக் களரி என்பது நிலமட்டத்திற்குக் கீழே தோண்டப்பட்ட, 42 அடி நீளமும் 21 அடி அகலமும் உடைய பயிற்சிக் களமாகும். மெய்த்தாரி, கோல்தாரி, அங்கத்தாரி, வெறுங்கை என்பன களரிப்பயிற்றின் நான்கு படிநிலைகள். இவற்றுள் மெய், கோல், வெறுங்கை ஆகிய சொற்கள் தமிழருக்கும் உரியவை.

'குருக்கள்' என்னும் சொல் மட்டும் பொருள் வேறுபட்டு நிற்கிறது. தமிழ்நாட்டில் அது கோயிலில் பூசை செய்பவரைக் குறிக்கும். கேரளத்தில் களரி ஆசிரியரைக் குறிக்கும். களரி ஆசிரியர் மருத்துவமும் அறிந்தவர். பயிற்சி அளிக்கும் அவரே சுளுக்குக்கும் வீக்கத்துக்கும் எண்ணெய் தடவிக் கட்டுப் போடுவார். கன்னியாகுமரி மாவட்டத்து வர்ம ஆசான்களிடமும் இம்மரபு உண்டு. படுவர்மம் 12, தொடுவர்மம் 96 என வர்மங்கள் 108 ஆகும். வர்மத்தைக் கற்பிக்கும் ஆசான், அடிபட்டவரைத் தேற்றும் இளக்குமுறையையும் கற்பிப்பார். ஆதலால், காயமுற்ற மாணவர் மீண்டும் களம் இறங்கலாமா என்பதை அவரே முடிவு செய்தார்.

இன்று பள்ளிகளில் கராத்தே, சிலம்பம், களரிப்பயிற்று ஆகியவற்றைப் பயில்வோர் பலர். இங்குப் பயிற்றுநர் வேறு, மருத்துவர் வேறு. போட்டி நெருங்கும்போது மாணவர் வலியை மறைப்பதுண்டு. வெற்றியை விரும்பும் பயிற்றுநரும் அதனைக் கவனியாது விடலாம். போட்டியின் முடிவால் ஆதாயமோ இழப்போ அடையாத ஒருவர் உடலை ஆராய்ந்து கூறுவதே மருத்துவச் சான்றின் பயன்.

வலி நின்றது என்பதும் வலிமை திரும்பியது என்பதும் ஒன்றல்ல. மாவுக்கட்டில் இருந்த காலின் தசை மெலிந்திருக்கும். எனவே மருத்துவர் காயமுற்ற காலை மற்றக் காலுடன் ஒப்பிடுவார். முழங்காலை முழுமையாக மடக்கச் செய்வார். ஒற்றைக்காலில் நிற்கவும் குதிக்கவும் சொல்வார். தலையில் அடிபட்டு மயக்கமோ தலைவலியோ குழப்பமோ தோன்றினால் அன்றே பயிற்சிக்குத் திரும்புதல் கூடாது. முதல் அடி ஆறுமுன் விழும் இரண்டாம் அடி உயிருக்கே ஊறு செய்யக்கூடும். பின்னரும் நடை, ஓட்டம், தனிப்பயிற்சி, எதிராளியுடன் பயிற்சி எனப் படிப்படியாகவே முன்னேற வேண்டும். ஒரு படியில் தலைவலி மீண்டும் தோன்றினால் முந்தைய படிக்கு இறங்க வேண்டும்.

மருத்துவரிடம் 'உடற்பயிற்சி' என்று மட்டும் கூறுதல் போதாது. உயர்ந்த உதை, துள்ளல், கோல்வீச்சு ஆகியவற்றை விளக்கினால்தான் அவர் சரியாக முடிவு செய்ய இயலும். 'மெய்ப்பயிற்சி செய்யலாம், ஆறு வாரம் குதித்தல் கூடாது' என்பதுபோல் அனுமதியின் எல்லையையும் எழுதிப் பெறுதல் நன்று.

மற்போர் வீராங்கனை வினேஷ் போகத் 2016ஆம் ஆண்டு ரியோ ஒலிம்பிக்கில் முழங்காலில் காயமுற்றுத் தூக்குப்படுக்கையில் வெளியேறினார். அறுவை மருத்துவமும் பயிற்சியும் ஓய்வும் அவரை மீட்டன. 2018ஆம் ஆண்டு ஜகார்த்தா ஆசிய விளையாட்டில் அவர் தங்கம் வென்றார். காத்திருந்த காலமும் அவருடைய பயிற்சிக் காலமே ஆகும்.

சொற்பொருள்
ஊறு – தீங்கு
மற்போர் – மல்யுத்தம்
தேற்றுதல் – நலம்பெறச் செய்தல்

பயிற்சி
1. 'குருக்கள்' என்னும் சொல் தமிழ்நாட்டிலும் கேரளத்திலும் எவ்வாறு பொருள்படுகிறது?
2. வலி நின்றபின்னும் மருத்துவர் எவற்றை ஆராய்கிறார்?
3. போட்டிக்கு முன் நண்பர் தம் காயத்தை மறைக்கிறார். அவரிடம் நீங்கள் கூறுவதை ஐந்து தொடர்களில் எழுதுக.